பழைய புத்தகங்களுக்குள் கிடக்கும் போட்டோக்களை எப்படிப் பாதுகாப்பது?

தாத்தாவின் புத்தகங்களுக்குள் போட்டோ, கடிதம், காய்ந்த பூ எல்லாம் இருக்கின்றன, கூடவே பசைத்தாள் ஆல்பம் ஒன்று, எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் உருவாமல் தொடங்குங்கள்.

போட்டோ எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் கிடந்தது என்பதும் ஒரு தகவல்தான். வெளியே எடுத்துக் குவித்தால் அது போயே போய்விடும். புத்தக அட்டை, கையெழுத்துப் போட்ட முதல் பக்கம், போட்டோ இருக்கிறபடியே திறந்த பக்கம் மூன்றையும் செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் ‘எண் 12, பக். 112–113 நடுவே’ என்று எழுதி அங்கே வையுங்கள். அதே எண் போட்டோவின் உறையிலும் இருக்கட்டும். பிறகு பிரிக்கலாம். பிரிக்கத்தான் வேண்டும்: மலிவான தாளின் அமிலம் போட்டோவைக் கெடுக்கும், செய்தித்தாள் நறுக்கு பக்கத்தைப் பழுப்பாக்கும், தடித்த அட்டைப் போட்டோ புத்தக முதுகைப் பிளக்கும்.

ஆல்பத்தையும் முதலில் பக்கம் பக்கமாகப் படமெடுத்துவிடுங்கள். பசையில் ஒட்டிய போட்டோவை நகத்தால் நெம்பக் கூடாது. மெழுகு பூசாத பல்லிடுக்கு நூலை (டென்டல் ஃபிளாஸ்) மூலைக்குப் பின்னால் நுழைத்து, இப்படியும் அப்படியும் அறுப்பதுபோல மெதுவாக நகர்த்துங்கள். போட்டோ வளையவே கூடாது. வளைந்தால் மேற்பூச்சு விரிசல் விடும். ஹேர் டிரையரால் சூடு காட்டச் சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன்; பசை இளகும்போது பூச்சும் இளகலாம். வராவிட்டால் சுற்றியுள்ள தாளோடு வெட்டி வையுங்கள். பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டதையோ தொடவே வேண்டாம். ஒட்டியிருப்பது போட்டோவின் மேற்பூச்சான ஜெலட்டின், படமே அதற்குள்தான் இருக்கிறது. உரித்தால் முகம் கண்ணாடியோடு போகும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

வண்ணப் படங்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். அவற்றின் சாயம் இருட்டில் வைத்தாலும் மங்கும். 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். 4×6 அங்குலப் படம் 2400×3600 பிக்சல் வரும். பாஸ்போர்ட் அளவுக்கு 1200. மூலப் பிரதியை, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள். பின்பக்கத்தையும் விடாதீர்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். படத்தைச் சுற்றிய வெள்ளை ஓரத்தில் அச்சான தேதியை மட்டும் நம்பிவிட வேண்டாம். அது பெரும்பாலும் பிரின்ட் போட்ட தேதி, எடுத்த தேதி அல்ல.

அசல்களுக்குப் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை. பி.வி.சி. வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுக்கும்.

பெயர் எழுதப் பால்பாயின்ட் பேனா எடுக்காதீர்கள்; அழுத்தம் முன்பக்கம் வரை தெரியும். மென்மையான 4பி பென்சிலால் பின்பக்க ஓரத்தில் லேசாக எழுதலாம். வழவழப்பான பிளாஸ்டிக் பின்பக்கத்தில் பென்சில் பிடிக்காது, அதற்குக் காகித உறையில் எழுதிவிட்டுப் போட்டோவை உள்ளே வையுங்கள். ‘பெரிய மாமா’ என்று எழுதினால் யாருக்கு மாமா? முழுப் பெயர், பிறகு உறவு. பார்ப்பவரின் இடமிருந்து வலமாக வரிசை. தெரியாத முகத்துக்குக் கேள்விக்குறி, ஊகம் வேண்டாம். பெரியவர்களிடம் காட்டும்போது ‘இது யார்?’ என்பதைவிட ‘இதை யார் எடுத்தார்கள், அன்றைக்கு என்ன விசேஷம்?’ என்று கேட்டுப் பாருங்கள். பேச்சைப் பதிவு செய்து, கோப்புக்குப் படத்தின் எண்ணையே பெயராக வையுங்கள்.

உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் அளவும் சுருங்கும், கோப்புக்குள் பெயர், தேதி என்று குறிப்பு எழுதியிருந்தால் அதுவும் கழன்றுவிடும்.