ஒரே சேமிப்பில் கல்யாணமும் மேற்படிப்பும்

கேள்வி: எனக்கு 26 வயது. முதுநிலைப் படிப்புக்கு பிரிட்டனில் ஓராண்டுப் படிப்பு ஒன்றிலும், ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஈராண்டுப் படிப்பு ஒன்றிலும் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டும் இந்த ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் தொடங்குகின்றன. கல்யாணத்தை முடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்கிறார்கள் வீட்டில். நானும் என்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவரும் சேர்த்துவைத்த பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும். கடன் வாங்கிக் கல்யாணம் செய்துகொண்டு, சேமிப்பைப் படிப்புக்கு வைத்துக்கொள்ளலாமா? அவரும் என்னுடன் வரவேண்டும் என்பது எங்கள் ஆசை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இரண்டும் முடியும். கல்யாணத்தை மட்டும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பதிவுத் திருமணம் ஒன்று, விருந்து இன்னொன்று. விசா அதிகாரி பார்ப்பது திருமணச் சான்றிதழை. அதற்கு ஆகும் செலவு கையைக் கடிக்காது. சேமிப்பைத் தின்பது விருந்துதான். பதிவைப் பயணத்துக்கு முன் முடித்துவிடுங்கள். விருந்தை அடுத்த ஆண்டு விடுமுறைக்குத் தள்ளுங்கள். முடியாதென்றால் மிகச் சிறிதாக நடத்துங்கள். ஆனால் எந்த நாடு என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். கணவர் உடன் வரமுடியுமா என்பது அதைப் பொறுத்தது.

பிரிட்டனில் 2024 ஜனவரி 1 முதல், வகுப்புவழி முதுநிலைப் படிப்புக்கு வருபவர்கள் கணவனையோ மனைவியையோ டிபென்டன்ட் விசாவில், அதாவது தங்களைச் சார்ந்து வரும் குடும்பத்தினருக்கான விசாவில், அழைத்துவர முடியாது. முனைவர் பட்டம், ஆய்வுவழி முதுநிலை, அரசின் முழு உதவித்தொகை ஆகியவற்றில் படிப்பவர்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் ஓராண்டுப் படிப்பு அதில் சேராது என்றே நினைக்கிறேன்; பல்கலைக்கழகத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். படித்து முடித்தபின் கிராஜுவேட் விசாவில் (பட்டம் பெற்றவர்கள் சிலகாலம் தங்கி வேலை பார்க்க அனுமதிப்பது) கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாணவராக இருந்த காலத்திலேயே டிபென்டன்ட்டாக உடனிருந்தவர்தான் அந்த விசாவில் தொடரமுடியும். ஸ்கில்டு ஒர்க்கர் போன்ற வேலை விசாவுக்கு நீங்கள் மாறிய பிறகே அவருக்கு வழி திறக்கும். ஓராண்டுதானே என்று கிளம்பினால் பிரிவு இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட நீளலாம்.

ஜெர்மனியில் நிலைமை வேறு. உங்களுக்குக் குடியிருப்பு அனுமதி கொடுக்கப்படும்போதே திருமணம் நடந்திருந்து, நீங்கள் அங்கே தங்கும் காலம் ஓராண்டைத் தாண்டும் என்றால், கணவர் குடும்ப இணைவு விசா கேட்பது சட்டப்படியான உரிமையாகிறது. அனுமதி பெற்ற பிறகு திருமணம் செய்தால் அது அதிகாரியின் விருப்புரிமைக்குப் போய்விடும். பயணத்துக்கு முன்பே பதிவு செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். வந்துசேர்ந்தபின் அவருக்கு வேலை செய்யவும் உரிமை உண்டு. ஆனால் அந்தக் குடும்ப விசா கிடைக்க மூன்று தடைகளைத் தாண்டவேண்டும். அவர் ஏ1 எனும் தொடக்க நிலை ஜெர்மன் மொழித் தேர்வில் தேறியிருக்க வேண்டும், சான்றிதழ் கோதே இன்ஸ்டிட்யூட், டெல்க் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பிடமிருந்து வந்ததாக இருக்கவேண்டும். இருவர் தங்கப் போதுமான இடம் காட்டவேண்டும். அவருடைய ஜீவனத்துக்கும் பணம் காட்டவேண்டும். மாணவர் விடுதியின் ஒற்றை அறை இதற்குப் போதாமல் போகலாம். ஆகவே அவர் உங்களுடன் ஒரே விமானத்தில் வருவார் என்று திட்டமிடாதீர்கள். நீங்கள் போய் வீடு பிடித்து, அவர் இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டே ஏ1 முடித்து, ஆறு மாதமோ அதற்கு மேலோ கழித்து வருவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அந்தச் சம்பளமும் கைகொடுக்கும்.

இருவரும் சேர்ந்திருப்பதுதான் முதல் விருப்பம் என்றால் என் ஓட்டு ஜெர்மனிக்கு. பட்டத்தின் மதிப்பு, உங்கள் துறையில் வேலைவாய்ப்பு எல்லாம் பார்த்து நீங்கள் வேறு முடிவெடுத்தால் அதிலும் தவறில்லை.

இனி பணம். பலரும் சறுக்குவது மொத்தத் தொகையில் அல்ல, எந்தத் தேதியில் எந்தக் கணக்கில் எவ்வளவு இருந்தது என்பதில். பிரிட்டன் மாணவர் விசாவுக்கு, இன்னும் கட்டாத கல்விக் கட்டணத்துடன் 9 மாத வாழ்க்கைச் செலவையும் காட்டவேண்டும். 2025 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி அது லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களில் 1,171 பவுண்டு. இந்த முழுத்தொகையும் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்கவேண்டும். அந்த 28 நாட்கள் முடியும் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாட்களுக்குள் வரவேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். கல்யாணம் ஜூலையில், விசா விண்ணப்பமும் ஜூலையில் என்று வைத்தால் என்ன ஆகும்? மண்டபத்துக்கு மீதிப் பணம் கட்டும் நாளில் கணக்கு இறங்கிவிடும். பிறகு மொய்ப்பணம் வந்து நிரம்பினாலும் 28 நாட்களை மறுபடி முதலிலிருந்து எண்ணவேண்டும். அதற்குள் வகுப்பு தொடங்கிவிடும்.

இன்னொன்று. பிரிட்டனின் அந்த 28 நாள் விதியில் உங்கள் கணக்கும், உறவுச் சான்றும் சம்மதக் கடிதமும் இணைத்தால் பெற்றோர் கணக்கும் செல்லும். வருங்காலக் கணவர் தன் பெயரிலேயே வைத்திருக்கும் சேமிப்பை அப்படியே நம்பி இருக்காதீர்கள். உங்கள் கணக்குக்கு மாற்றி, அதற்குப் பிறகு 28 நாட்கள் ஓடவிடுங்கள். இது தவிர மருத்துவ சர்சார்ஜ் (அங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்காக விசாவுடன் கட்டும் கட்டணம்) மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. விசா படிப்பு முடிந்தபின்னும் சில மாதங்களுக்குக் கொடுக்கப்படுவதால், ஓராண்டுப் படிப்புக்கு ஒன்றரை ஆண்டுத் தொகையாக 1,164 பவுண்டு கட்டவேண்டிவரும். முன்கூட்டியே மொத்தமாகக் கட்டவேண்டும், தவணை கிடையாது.

ஜெர்மனிக்கு 28 நாள் கணக்கு இல்லை. பதிலாக பிளாக்டு அக்கவுன்ட் எனும் முடக்கப்பட்ட கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ போடவேண்டும். அங்கு போனபின் மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்கமுடியும். இதில்தான் முதல் மாத நெருக்கடி வருகிறது. வீட்டு வாடகைக்கு முன்வைப்பாக, மின்சாரம், வெப்பம் போன்ற செலவுகள் சேராத வாடகையில் மூன்று மாதத் தொகைவரை கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. முதல் மாத 992 யூரோவில் அது அடங்காது. பிளாக்டு அக்கவுன்டுக்கு வெளியே 1,500 முதல் 2,000 யூரோவாவது தனியாக வைத்திருங்கள். கல்யாணச் செலவு கொஞ்சம் கூடிவிட்டது என்று முதலில் கைவைக்கத் தோன்றுவது இந்தப் பணத்தில்தான். பகுதிநேர வேலை வருமானத்தை முதல் நான்கு மாதங்களுக்குக் கணக்கிலேயே சேர்க்கவேண்டாம்.

கடன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கல்யாணத்துக்குக் கடன் வேண்டாம். தனிநபர் கடனுக்குப் பெரும்பாலும் அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும். நீங்களோ சம்பளத்தை விட்டுவிட்டுப் போகிறீர்கள். கல்விக்கடனில் படிப்பு முடியும்வரை அசலுக்கு அவகாசம் தருவது வழக்கம். கடன் வாங்கித்தான் தீரவேண்டும் என்றால் படிப்புக்கு வாங்குங்கள், கல்யாணத்துக்கு ரொக்கம். அவகாசக் காலத்திலும் வட்டி ஏறுமா, ஒப்புதல் கடிதத்துக்கும் பணம் கைக்கு வருவதற்கும் எத்தனை வாரம் ஆகும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விருந்து இப்போதே வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், தொகையை முதலில் எழுதிவிட்டு விருந்தினர் பட்டியலை அப்புறம் எழுதுங்கள். வழக்கமாக இது தலைகீழாகத்தான் நடக்கும். அழைப்பைப் பாதியாகக் குறைத்தால் செலவும் பாதியாகும் என்று நினைக்காதீர்கள். சாப்பாடும் இருக்கையும் தலைக்கணக்கில் குறையும். மண்டபம், அலங்காரம், போட்டோ எல்லாம் எத்தனை பேர் வந்தாலும் அதே தொகைதான். எனவே ஆளைக் குறைக்கும்போதே சிறிய இடத்துக்கும் மாறவேண்டும், முழுநாளை அரைநாளாக்க வேண்டும், வார இறுதியைத் தவிர்க்கவேண்டும். சமையல்காரரிடம் எண்ணிக்கையைக் குறைத்தே சொல்லுங்கள். கடைசி வாரத்தில் கூட்டினால் ஏற்றுக்கொள்வார்கள், குறைத்தால் பணம் திரும்பாது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் வையுங்கள். மொய்யை வரவாக எழுதவே கூடாது. ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: தேதி மாறினால் முன்பணம் புதிய தேதிக்குச் செல்லும் என்று. தூதரக நேர்காணல் தேதி உங்கள் முகூர்த்தம் பார்த்து வராது. விண்ணப்பித்தபின் பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கக்கூடும் என்பதால் வெளிநாட்டுத் தேனிலவையும் மறந்துவிடுங்கள்.

காகித வேலையில் இரண்டு மட்டும். திருமணமானதும் பெயரை மாற்றாதீர்கள். சேர்க்கைக் கடிதம், பட்டச் சான்று, பாஸ்போர்ட், டிக்கெட் நான்கிலும் ஒரே பெயர் இருக்கட்டும். மாற்ற விரும்பினால் படிப்பு முடிந்து பார்த்துக்கொள்ளலாம். ஆனால் விசா படிவத்தில் 'திருமணமானவர்' என்றே எழுதவேண்டும். பதிவு செய்துவிட்டு 'திருமணமாகாதவர்' என்று போட்டால், பின்னால் கணவருக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பொய்யே முதலில் கண்ணில் படும். அடுத்தது, திருமணச் சான்றிதழில் சான்றளித்த பிரதிகள் இரண்டு மூன்று இப்போதே வாங்குங்கள். ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காகச் சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரை போதுமா, தூதரகச் சரிபார்ப்பு தேவையா என்பது உங்கள் நாட்டையும் போகும் நாட்டையும் பொறுத்தது. தூதரகத் தளத்தில் பார்த்து, ஜெர்மன் மொழிபெயர்ப்புடன் கணவரிடம் விட்டுச்செல்லுங்கள். அவர் விண்ணப்பிக்கும்போது உங்களுக்குக் கூரியர் அனுப்பி அலையவேண்டியிராது.

விருந்தைத் தள்ளிவைத்தால் முதல் டிசம்பர் விடுமுறையில் வைக்காதீர்கள். ஜெர்மனிக்குள் நுழையும் விசா பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான் செல்லும். அதற்குள் குடியிருப்பு அனுமதி அட்டை கைக்கு வராமல் போகலாம். பழைய விசா காலாவதியாகி அட்டையும் வராத நிலையில் ஊருக்கு வந்தால் திரும்பிப் போவது சிக்கல். டிக்கெட் விலையும் அப்போது உச்சத்தில் இருக்கும். கோடைப் பருவத்தின் தேர்வுகள் முடிந்தபின் ஆகஸ்ட், செப்டம்பரில் வையுங்கள். அதற்கான முன்பணத்தை, அட்டை கைக்கு வந்த பிறகு கொடுத்தால் போதும்.