கைப்பகுதிக்கு வாங்கிய நூலின் நிறம் மாறுபடுவது குறித்து

வணக்கம். ஸ்வெட்டரின் முன்பக்கமும் பின்பக்கமும் முடிந்த நிலையில், கைகளுக்காக அதே நிற எண்ணில் வாங்கிய நூல் சற்று வெளிறித் தெரிகிறது என்றும், பழைய நூலில் 50 கிராம் கண்டு ஒன்றே எஞ்சியுள்ளது என்றும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து எதையும் பிரித்துவிடாதீர்கள்; இவ்வளவு உழைப்பைக் காப்பாற்ற வழி இருக்கிறது.

நிற எண் ஒன்றாக இருந்தாலும், ஒவ்வொரு முறை சாயமேற்றும்போதும் நிறம் சிறிதளவு மாறக்கூடும் என்பதால்தான் லேபிளில் சாயத் தொகுதி எண்ணைத் தனியாக அச்சிடுகிறார்கள். முதலில் புதிய நூலில் சிறு மாதிரி பின்னி, அலசி உலர்த்தி, பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேறுபாடு அப்போதும் தெரிந்தால், எஞ்சிய கண்டை எடைபார்த்து இரு கைகளுக்கும் 25 கிராம் வீதம் பிரித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டிலிருந்து புதிய நூலில் தொடங்கி, மேற்கையை நெருங்கும்போது புதியதில் இரண்டு வரிசை, பழையதில் இரண்டு வரிசை என மாற்றி மாற்றிப் பின்னி, தோளோடு இணையும் பகுதியைப் பழைய நூலிலேயே முடித்தால், நிறமாற்றம் ஓரிடத்தில் கோடாகத் துண்டித்துத் தெரியாமல் படிப்படியாகக் கலந்துவிடும். இரண்டிரண்டு வரிசையாக மாற்றுவதால் நூலை அறுக்கத் தேவையில்லை. ஓரத்திலேயே இழுத்து மேலே கொண்டுசெல்லலாம், ஆனால் இறுக்கி இழுத்தால் அந்த ஓரம் சுருங்கும்.

கழுத்துப் பட்டை இன்னும் பின்னவில்லையென்றால் அதைப் புதிய நூலில் பின்னுங்கள். மணிக்கட்டும் கழுத்தும் ஒரே நிறத்தில் அமைவது திட்டமிட்டுச் செய்ததாகவே தோன்றும்.