பன்னிரண்டு புத்தகம் படித்தாயிற்று, மாற்றம் மட்டும் வரவில்லை

கேள்வி: எனக்கு வயது 34. ஆறு மாதத்துக்கு முன் எட்டுப் பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பாளர் ஆனேன். அதன்பிறகு சுயமுன்னேற்றப் புத்தகங்கள் பன்னிரண்டு படித்துவிட்டேன். படிக்கும்போது உற்சாகமாக இருக்கிறது, இரண்டே நாளில் வடிந்துவிடுகிறது. வேலை முடிவதில்லை. குழுவினர் மேல் எரிந்து விழுகிறேன். வீட்டுக்கு வந்தாலும் மனம் அடங்குவதில்லை. அடுத்து எதைப் படிக்கலாம்?

பதில்: பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. "படிக்கும்போது உற்சாகமாக இருக்கிறது" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒருமுறை பயிற்சிக்கு வந்தவர் தன் புத்தகத்தை விரித்துக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு. சில பக்கங்களில் கோடு விழாத வரியே இல்லை. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "இதில் உங்களுக்குப் பயன்பட்ட ஒன்றைச் சொல்லுங்கள்" என்றேன். வெகுநேரம் யோசித்தார். பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

அவர் மேல் தப்பில்லை. படிக்கிறபோது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிலர் ஒரு பகுதியைப் படித்துவிட்டு மறுபடியும் படித்தார்கள். மற்றவர்கள் படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் கை ஓங்கியிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. எனவே இனி ஒரு அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு நோட்டில் நாலு வரி எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அடுத்த அத்தியாயத்துக்குப் போக வேண்டாம்.

சரி, எதைப் படிப்பது? உங்கள் கடிதத்தில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே புத்தகம் தீர்க்கும் என்று தேடியதால்தான் பன்னிரண்டு ஆகிவிட்டது என்று நினைக்கிறேன்.

முதலில் வேலை முடியாததையும் மனம் அடங்காததையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக ஓய்வெடுக்காத மனிதர்தான் மறுநாள் எரிந்து விழுகிறார். திருக்குறளில் வினைசெயல்வகை அதிகாரத்தில், மிச்சம் வைத்த வேலையும் மிச்சம் வைத்த பகையும் அணைக்காமல் விட்ட நெருப்புப் போலச் சுடும் என்று வருகிறது. இரவில் உங்களைச் சுடுவது அந்த மிச்சம்தான். 2016இல் வெளிவந்த கால் நியூபோர்ட்டின் 'டீப் வொர்க்' இதற்கு ஒரு நல்ல வழி சொல்கிறது. வேலை நேரம் முடிவதற்கு முன் நிலுவையில் உள்ளவற்றை எல்லாம் ஒருமுறை பார்த்து, ஒவ்வொன்றையும் எப்போது, எப்படித் தொடரப் போகிறோம் என்று குறித்துவிட வேண்டும். பிறகு "இன்றைக்கு முடிந்தது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். "அறிக்கை பாக்கி" என்று எழுதினால் மனம் ஓயாது. "நாளை காலை பத்து மணிக்கு அறிக்கையின் இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்க வேண்டும்" என்று எழுதினால் ஓரளவு விட்டுவிடும். அந்தப் புத்தகத்தில், மணிக்கணக்கில் யாரும் தொந்தரவு செய்யாமல் வேலை செய்யச் சொல்லும் பகுதிகள் எட்டுப் பேரைக் கவனிக்க வேண்டிய உங்களுக்கு முழுதாகப் பொருந்தாது. அவற்றைத் தாராளமாகத் தாண்டிவிடுங்கள்.

கோபத்துக்கு மார்கஸ் அரேலியஸின் 'மெடிடேஷன்ஸ்'. இரண்டாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசராக இருந்தவர், தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்புகள் அவை. இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில், இன்று நன்றி கெட்டவர்களையும் அகந்தை பிடித்தவர்களையும் சந்திக்க வேண்டியிருக்கும் என்று விடியும்போதே தன்னிடம் சொல்லிக்கொள்கிறார். அவர்களும் தன்னைப் போன்ற மனிதர்கள்தான், சேர்ந்து உழைக்கவே பிறந்திருக்கிறோம் என்றும் நினைவுபடுத்திக்கொள்கிறார். அவ்வளவு அதிகாரம் கையில் இருந்தவரே தினமும் இந்தப் பாடத்தைப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். காலையில் ஒரு பக்கம் போதும். கூடவே 1936இல் வந்த டேல் கார்னகியின் 'ஹவ் டு வின் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளூயன்ஸ் பீப்பிள்' புத்தகத்தில், குறை சொல்வதைப் பற்றிய முதல் அத்தியாயத்தை மட்டும் படியுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும், மகிழ்ச்சியைப் பற்றி ஒன்றே ஒன்று: விக்டர் ஃபிராங்கல் 1946இல் வெளியிட்ட 'மேன்ஸ் சர்ச் ஃபார் மீனிங்'. நாஜி வதைமுகாம்களில் அடைபட்டு உயிர் பிழைத்த மனநல மருத்துவர் அவர். இதை அவசரமாகப் படிக்காதீர்கள், விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காக, எதற்காக இவ்வளவு உழைக்கிறோம் என்று அது உங்களையே கேட்க வைக்கும்.

அப்புறம், 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். நம்ப வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைக் கவனித்தபோது, ஒரு செயல் தானாக நடக்கச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறியது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் எதுவும் இல்லை என்றும் தெரிந்தது. இரண்டு நாளில் உற்சாகம் வடிந்ததும் நீங்கள் அடுத்த புத்தகத்துக்குத் தாவியிருக்கிறீர்கள். உற்சாகம் வடியத்தான் செய்யும். அதற்குப் பிறகுதான் பயிற்சியே ஆரம்பம்.

ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுகிறேன். வாரக்கணக்காகத் தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இப்போதைக்கு இரண்டு மாதத்துக்கு மாலைக் குறிப்பும் காலையில் ஒரு பக்கமும் மட்டும் போதும். கோபம் வந்த நாளில், யாரிடம், எந்த நேரத்தில், அதற்கு முன் என்ன நடந்தது என்று அந்த நோட்டிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். அறுபது நாள் கழித்து நோட்டில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்து அடுத்த புத்தகத்தை முடிவு செய்வோம்.