உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்: கேள்வி பதில்

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் சிறுநீரகப் பிரிவில் 22 வருடம் உணவு ஆலோசகராக வேலை பார்த்தவள் நான். உப்பைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதை நம்புவது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். இன்று முழுக்க உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மாத்திரையைக் கூட்டு, குறை என்று இங்கே யாருக்கும் சொல்லமாட்டேன். அது உங்களைக் கையால் தொட்டுப் பார்க்கிற டாக்டரின் வேலை.

செல்வி, விருதுநகர்: அக்கா, ஒரு நாளைக்கு 5 கிராம் என்கிறார்கள். நாங்கள் கை அளவுக்குத்தான் அள்ளிப் போடுகிறோம். ஒரு ஆளுக்கு எவ்வளவு போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தராசு வேண்டாம் செல்வி, ஒரு பேனா போதும். அடுத்த உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேலேயே அன்றைய தேதியை எழுதிவையுங்கள். தீர்ந்த அன்று நாளை எண்ணுங்கள். வீட்டில் நாலு பெரியவர்கள் என்றால் உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்குக்கு நாள் ஒன்றுக்கு 20 கிராம். ஒரு கிலோ 50 நாள் வரவேண்டும்.

நான் என் வீட்டில் இதைச் செய்து பார்த்தேன். நாங்கள் மூன்று பேர். எங்கள் வீட்டில் உப்புக் கம்மி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாக்கெட் 34 நாளில் காலி. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குக் கிட்டத்தட்ட 10 கிராம். வடித்த கஞ்சியோடு போனது, புளித்துப்போய்க் கொட்டிய மாவு என்று கொஞ்சம் கழித்தாலும், கடையில் வாங்கிய ஊறுகாய், வெளியே தின்ற பரோட்டா சால்னாவை எல்லாம் திரும்பக் கூட்டவேண்டுமே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பிலும் ஆளுக்குச் சராசரி 8 கிராம் வந்தது. ஆண்கள் 9-ஐ ஒட்டி, பெண்கள் 7-ஐ ஒட்டி.

5 கிராம் என்பது தூள் உப்பில் தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. கல் உப்பானால் இடையில் காற்று நிற்கும், அதே ஸ்பூனில் எடை குறைவாக இருக்கும்.

கார்த்திக், கோயம்புத்தூர்: மேடம், உப்பைக் குறைத்தால்தான் மாரடைப்பு அதிகம் என்று பெரிய ஆய்வே வந்திருக்கிறதே? ஒரு லட்சம் பேரை வைத்துச் செய்தது. அதைப் பற்றி டாக்டர்கள் ஏன் பேசுவதில்லை?

பேசுகிறார்கள் தம்பி, காரசாரமாகவே பேசுகிறார்கள். நீங்கள் சொல்வது 2014-இல் வெளிவந்த 'ப்யூர்' ஆய்வு. 17 நாடுகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், நம் நாட்டவரும் அதில் உண்டு. நாளுக்கு 3 முதல் 6 கிராம் சோடியம், அதாவது ஏழரை முதல் 15 கிராம் உப்பு சாப்பிட்டவர்களுக்குத்தான் ஆபத்து மிகக் குறைவு, அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் கூடுகிறது என்று அது சொன்னது. செய்தவர்கள் பெரிய விஞ்ஞானிகள், அவர்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் உப்பை அளந்த விதத்தில்தான்.

ஒருவர் எவ்வளவு உப்புத் தின்கிறார் என்பதைச் சிறுநீரில்தான் அளக்கமுடியும். சாப்பிட்ட சோடியத்தில் பெரும்பங்கு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. எங்கள் வார்டில் 5 லிட்டர் கேன் ஒன்றைக் கொடுப்போம். காலையில் முதல் தடவை போவதைக் கேனில் பிடிக்கக்கூடாது. அதன்பிறகு மறுநாள் காலை முதல் தடவை வரைக்கும் ஒரு சொட்டு விடாமல் கேனுக்குள். சொல்வதற்கு எளிது. ஒரு அம்மா 400 மில்லியோடு வந்து நிற்பார். "நடுவுல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டேன்மா, அங்க எப்படி கேனைத் தூக்கிட்டுப் போறது" என்பார். திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டும். அதோடு ஒரு நாள் போதாது. நேற்று கருவாட்டுக் குழம்பு, இன்று ரசம் என்றால் அளவு எப்படி ஒன்றாக இருக்கும்? பல நாள் எடுத்தால்தான் உண்மை தெரியும்.

ஒரு லட்சம் பேரிடம் இதைச் செய்யமுடியாது. அதனால் காலையில் ஒரே ஒரு தடவை ஒரு கப் சிறுநீர் வாங்கி, 'கவாசாகி' என்கிற சூத்திரத்தில் போட்டு ஒரு நாள் அளவை ஊகித்தார்கள். அந்தச் சூத்திரத்துக்குள் வயது, எடை, உயரம் எல்லாம் இருக்கின்றன. அவையே மாரடைப்போடு தொடர்புள்ள விஷயங்கள். அதனால் வருகிற விடையில் உப்பு எவ்வளவு, உடம்பின் நிலை எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். இன்னொன்று, குறைவாக உப்புத் தின்பவர் யார்? ஏற்கெனவே நோயாளி, பசியில்லாதவர், டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னவர். அவர் இறந்தால் பழி உப்பின் குறைவு மேல் விழுகிறது.

பல நாள் சிறுநீரைச் சேர்த்து அளந்த ஆய்வுகளை மட்டும் எடுத்து, 10,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை 2022-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். குறைவாகத் தின்றாலும் ஆபத்து கூடுகிறது என்கிற அந்த வளைவு அங்கே காணவில்லை. சோடியம் ஆயிரம் மில்லிகிராம் கூடக்கூட இதயநோய் ஆபத்து 18 சதவீதம் கூடியிருந்தது. அளவுகோல் சரியாக இருக்கிற பக்கம்தான் நான் நிற்கிறேன். ஆனால் பி.பி. இல்லாத, நல்ல ஆரோக்கியமான ஒருவர் 6 கிராமிலிருந்து 4 கிராமுக்கு இறங்கினால் கூடுதல் நன்மை உண்டா என்று கேட்டால், அங்கே வாதம் நிஜமாகவே முடியவில்லை. நம் வீடுகளில் ஓடுவது அந்த வாதம் நடக்கிற இடத்துக்கு வெகு மேலே.

பெயர் வேண்டாம், 58 வயது, சேலம்: ஏழு வருடமாக பி.பி. மாத்திரை. உப்பைக் குறைத்தால் எனக்கு எவ்வளவு இறங்கும்?

ஆளுக்கு ஆள் மாறும் ஐயா. வயதானவர்கள், பி.பி. உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் உடம்பு உப்புக்கு அதிகம் அசையும். அமெரிக்காவில் 412 பேருக்குச் சாப்பாட்டையே சமைத்துக் கொடுத்து ஒரு சோதனை நடத்தி 2001-இல் வெளியிட்டார்கள். சுமார் 8, 6, 4 கிராம் என மூன்று உப்பு அளவு, ஒவ்வொன்றும் ஒரு மாதம். பி.பி. உள்ளவர்களில், வழக்கமான சாப்பாடும் அதிக உப்பும் எடுத்தவர்களைவிட, காய், பழம், கொழுப்புக் குறைந்த பாலோடு குறைந்த உப்பும் எடுத்தவர்களுக்கு மேல் அளவு 11 புள்ளிக்கும் அதிகமாக இறங்கியிருந்தது. ஒரு மாத்திரை செய்கிற வேலை அது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறைத்த உப்போடு மூன்று நாலு வாரம் வீட்டில் பி.பி. பார்த்துக் குறித்து, அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள்.

மீனாட்சி, திருச்சி: மேடம், அம்மாவுக்கு 74 வயது. பி.பி.க்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறார். யாரோ சொன்னார்கள் என்று இரண்டு மாதமாக உப்பே இல்லாமல் கஞ்சிதான். மூன்று நாளாகச் சோர்வு, நேற்று என்னைப் பார்த்து "நீ யாரு" என்று கேட்டார். வயதானால் மறதி வரும்தானே?

மீனாட்சி, இதைப் படித்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். இது இரத்தத்தில் சோடியம் இறங்கியதாக இருக்கலாம், பக்கவாதமாகக்கூட இருக்கலாம். இரண்டுக்கும் நேரம் முக்கியம். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சோடியம் பார்க்கச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள். போகும் வழியில் உப்புக் கரைத்துக் கொடுக்கவேண்டாம்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். குறைப்பது வேறு, அறவே நிறுத்துவது வேறு. நீர் பிரிகிற மாத்திரை சோடியத்தையும் சேர்த்து வெளியேற்றும். அதோடு பத்திய உணவு, பசியின்மை, குடம் குடமாகத் தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் வயதானவர்கள் இப்படித்தான் குழம்பிப்போவார்கள். அதை 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவது எனக்குத் தாங்கமுடியாத விஷயம்.

அருள், நாகர்கோவில்: சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்கிறார்களே, வாங்கலாமா?

அதில் சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். சீனாவில் 600 கிராமங்களில், ஏறக்குறைய 21,000 பேரிடம், நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்து ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். முன்பே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 தாண்டிய பி.பி.காரர்கள். பக்கவாதம் 14 சதவீதமும் மரணம் 12 சதவீதமும் குறைந்தன. 2021-இல் வந்த இந்த முடிவைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுப்படியில் டப்பாவை மாற்றியதில் உயிர் பிழைக்கிறார்களே! பலன் சோடியம் குறைந்ததாலா, பொட்டாசியம் கூடியதாலா என்று பிரித்துச் சொல்லமுடியாது. இரண்டுமாக இருக்கும்.

ஆனால் சிறுநீரக நோய் இருந்தால் அந்தப் பாக்கெட்டைத் தொடாதீர்கள். எங்கள் வார்டுக்கு ஒருவர் கால் துவண்டு வந்தார். இ.சி.ஜி. கோடு பார்க்கவே பயமாக இருந்தது. பொட்டாசியம் ஏறிக் கிடந்தது, அவசரமாக டயாலிசிஸ். என்ன சாப்பிட்டார் என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டபோது, "அப்பாவுக்கு நல்லதுன்னு வேற உப்பு வாங்கினேன் மேடம்" என்று மகள் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். பாசத்தில் வாங்கியது. அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பெயர் 'ப்ரில்' அல்லது 'சார்டன்' என்று முடிகிற பி.பி. மாத்திரைகளும், ஸ்பைரோனோலாக்டோன் என்கிற மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. அவற்றைச் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டபிறகே வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தபோது, குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகம் பாதித்தவர்களை விலக்கித்தான் சொன்னது.

லதா, மதுரை: இந்துப்புக்கு மாறிவிட்டோம். அது எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாமாமே?

இல்லை. இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். நிறம் தருகிற தாதுக்கள் சிட்டிகையிலும் சிட்டிகை. அயோடின் சேர்க்காத பாக்கெட்டாக இருந்தால் இன்னும் நஷ்டம். இமயமலை அடிவாரத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக்கழலை வீட்டுக்கு வீடு இருந்தது. 1950-களில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்து அதைக் குறைத்துக் காட்டினார்கள். 1962-இல் கழுத்துக்கழலையைத் தடுக்கத் தேசியத் திட்டம் வந்தது. கர்ப்பிணி இருக்கிற வீட்டில் அயோடின் உப்பைக் கைவிடாதீர்கள்.

முருகேசன், தூத்துக்குடி: நான் சென்ட்ரிங் வேலை. நாள் முழுக்க வெயில். சட்டையில் உப்புப் பூத்துவிடும். எனக்கும் 5 கிராம்தானா?

உங்களுக்கு அந்தக் கணக்கை நான் கறாராகப் போடமாட்டேன் அண்ணே. வேர்வையில் போனது திரும்ப வரவேண்டும். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிக்காமல் நடுவில் உப்புப் போட்ட மோர், நீராகாரம் குடியுங்கள். வீட்டில் இருக்கிற நாளில் அதே உப்பு வேண்டாம். பி.பி.யை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சுமதி, தஞ்சாவூர்: குறைத்தால் மாமியார் "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்கிறார். வீட்டில் சண்டை. என்ன செய்வது?

ஒரேயடியாகக் குறைத்தால் சண்டை வரத்தான் செய்யும். இங்கிலாந்தில் 2003-க்குப் பிறகு ரொட்டி கம்பெனிகளை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஒரு ஆள் நாளுக்குத் தின்கிற உப்பு 9.5 கிராமாக இருந்தது 2011-இல் 8.1-க்கு வந்தது. நாக்குக்குத் தெரியவில்லை. அங்கே உப்பு வருவது பாக்கெட் உணவில். நம் வீட்டில் பெரும்பாலும் அடுப்படியில்தான், அதனால் சாவி உங்கள் கையில் இருக்கிறது.

அள்ளிப் போடுவதை விட்டு ஒரே ஒரு ஸ்பூனை உப்புக்கென்று வையுங்கள். குழம்புக்கு இரண்டு ஸ்பூன் போகிறதென்றால் இந்த வாரம் ஒன்றே முக்கால், இரண்டு வாரம் கழித்து ஒன்றரை. சோறு வடிக்கும்போது உப்பு வேண்டாம். பொரியலில் கடைசியில் தூவினால் மேலாக நின்று நாக்குக்கு உடனே தெரியும், கொஞ்சமே போதும். இறக்கும்போது எலுமிச்சை பிழியுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் நாக்கு பழகிவிடும், பிறகு பழைய குழம்புதான் கரிக்கும்.

குழம்பை விட்டுப் பிடிக்கலாம், தட்டின் ஓரத்தைத்தான் முதலில் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், வடகம், கருவாடு. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் இருக்கிறது, அதுவும் சோடியம்தான், இட்லி மாவில் போடுகிற ஆப்பச்சோடாவும் அப்படியே. பாக்கெட் உணவில் சோடியம் என்று போட்டிருப்பதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. 'ஒரு பரிமாறலுக்கு' என்றிருந்தால் உங்கள் வீட்டில் அந்தப் பாக்கெட்டை எத்தனை பேர் பங்கிடுகிறீர்கள் என்றும் பாருங்கள்.

நித்யா, சென்னை: 8 மாதக் குழந்தைக்குப் பருப்புச் சாதத்தில் உப்புச் சேர்க்கலாமா?

ஒரு வயது வரை வேண்டாம். உங்கள் பருப்பில் உப்புப் போடுமுன் குழந்தைக்கு ஒரு கரண்டி தனியாக எடுத்துவிடுங்கள். சப்பென்று இருக்குமே என்பது நம் நாக்கின் கவலை.

மீனாட்சி, திருச்சி: மேடம், ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோம். சோடியம் 118. சேர்த்துவிட்டார்கள். ஸ்கேன் நன்றாக இருக்கிறதாம். உப்புத்தானே குறைவு, ஏன் மொத்தமாக ஏற்றாமல் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள்?

நல்லவேளை, போய்விட்டீர்கள். மெதுவாக ஏற்றுவதுதான் சரி. பல நாளாக இறங்கிய சோடியத்துக்கு மூளை செல்கள் பழகியிருக்கும். சட்டென்று ஏற்றினால் மூளைக்குச் சேதம் வரும், பேச்சும் கைகாலும்கூடப் போகலாம். 24 மணி நேரத்தில் 8, 10 புள்ளிக்குமேல் ஏறாமல் பார்த்துக்கொள்வார்கள், அதற்காக அடிக்கடி இரத்தம் எடுப்பார்கள். அம்மாவுக்குக் கை வலிக்கும், தடுக்காதீர்கள். யாராவது ஊறுகாயும் உப்புத் தண்ணீரும் கொண்டுவந்தால் வாங்கி ஓரமாக வையுங்கள், ஊட்டவேண்டாம். டிஸ்சார்ஜ் அன்று எந்த மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள், வீட்டில் எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர், மறுபடி எந்தத் தேதியில் சோடியம் பார்க்கவேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களை அடையாளம் தெரிந்து பேசியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.