பூர்வகுடி இளையோர் குழு: பெற்றோர் கையொப்பம் கட்டாயமா?

கேள்வி: சிட்னியில் பூர்வகுடிப் பதின்பருவத்தினரின் மனநலம் பற்றிய ஆய்வொன்றில் பணிபுரிகிறேன். அதை வழிநடத்த 15 முதல் 19 வயதுக்குட்பட்ட எட்டுப் பேர் கொண்ட குழு அமைக்கிறோம். 18 நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் படிவம் வேண்டுமா?

பதில்: ஆய்வுக்கு உட்படுகிறவர் வேறு, ஆய்வை வழிநடத்துகிறவர் வேறு. பங்கேற்பாளருக்குரிய ஒப்புதல் படிவம் குழு உறுப்பினருக்குத் தேவையில்லை. கூட்டத்துக்கு வந்துபோவதற்கும் பாதுகாப்புக்கும் வளர்ப்பவரின் சம்மதத்தை வாங்குங்கள். வளர்ப்பவர் பாட்டியாகவோ அத்தையாகவோ இருக்கலாம் என்பதால், படிவத்தில் 'பெற்றோர்' என்று மட்டும் அச்சிடாதீர்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பலர் இடறி விழுவது இங்கேதான். குழுவில் அவர்கள் பேசியதை ஒலிப்பதிவு செய்து கட்டுரையில் தரவாக்கினால், அவர்களும் பங்கேற்பாளர்களாகிவிடுவார்கள். கூட்டக் குறிப்பிலிருந்து ஒருவர் சொன்ன ஒரு வரியை மேற்கோளாக எடுத்தாலும் அதே நிலைதான். அப்படி எண்ணமிருந்தால் முதல் கூட்டத்துக்கு முன்பே, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் தனி அனுமதி கேளுங்கள். முதிர்ச்சியுள்ள இளையவரின் சொந்த ஒப்புதலே போதுமென்று அது ஏற்க இடமுண்டு. அதைத் தீர்மானிக்கும் உரிமை உங்களுக்கில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. 'இளையோரை நாங்களே திரட்டித் தருகிறோம்' என்று வரும் ஆலோசகர்களை நம்பாதீர்கள். இரண்டு பிள்ளைகள், ஒரு புகைப்படம், ஓர் ஆதரவுக் கடிதம், பெரிய கட்டணம்: அவர்கள் தருவது இவ்வளவுதான். சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் 1971-இல் தொடங்கிய பூர்வகுடி மருத்துவச் சேவையைப் போல, சமூகமே நிர்வகிக்கும் சுகாதார அமைப்புகளிடம் நேரே செல்லுங்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றத்தின் 2018 வழிகாட்டுதல் பரஸ்பரம், பொறுப்பு உள்ளிட்ட ஆறு விழுமியங்களைக் கேட்கிறது. காசுக்கு வாங்கிய கடிதத்தில் அவை வந்துவிடா.

கேள்வித்தாள் அச்சாகும் முன்பே குழுவைக் கூட்டுங்கள். நான் இருந்த ஒரு கூட்டத்தில், 'உங்கள் வீட்டில் எத்தனை பேர்?' என்ற கேள்வியின்மேல் விரல் வைத்து, "எந்த வீடு? பாட்டி வீடா, அத்தை வீடா?" என்று 16 வயதுப் பெண் கேட்டாள். குடும்பம் பற்றிய பகுதி முழுவதையும் திருத்தி எழுதினோம்.

அவர்களின் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். வணிகப் பதிவு எண் (ABN) இல்லையென்று பல்கலைக்கழக நிதிப் பிரிவு 47 சதவீதத்தை வரியாகப் பிடித்துவைக்கப் பார்க்கும். ஒரு மாணவியின் சிறு தொகைக்கு மாதக்கணக்கில் அலையவிடுவதை நான் பலமுறை கண்டு வெறுத்திருக்கிறேன். 18 வயதுக்குட்பட்டவருக்கு வாரம் 350 டாலருக்கு மிகாத தொகையானால், வரி அலுவலகத்தின் 'வழங்குநர் அறிக்கை' (Statement by a supplier) படிவத்தை அவரிடம் நிரப்பி வாங்கி, முதல் கூட்டத்தன்றே நிதிப் பிரிவிடம் கொடுத்துவிடுங்கள்.