அறிவியல் கேள்வி–பதில்: அயனி போன வழி

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் தொழிற்சாலைப் பேருந்தில் கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்கிறேன். கையுறைக்குள் 1,000 மில்லிலிட்டர் நீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது எங்கள் பிரிவின் வேலை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகளோ, கிருமியைவிடச் சிறிய துளைகளை அயனிக் கற்றையால் பிளாஸ்டிக் ஏட்டில் வேண்டுமென்றே போடுகிறார்கள் என்கிறாள். அவ்வளவு சிறிய ஊசி ஏது? ஏடு எரிந்துபோகாதா?

பதில்: ஊசி எதுவும் இல்லை, சகோதரி. உங்கள் மகள் சொன்னது உண்மைதான். ஆயினும் ஒரு திருத்தம் தேவை. துளையைத் திறப்பது அயனியன்று. அயனி, துளை விழ வேண்டிய வழியைச் சிதைத்து வைத்துவிட்டுப் போகிறது. பிறகு வரும் காரக் கரைசலே அந்த வழியைக் கரைத்துத் திறக்கிறது.

அயனி என்பது எலக்ட்ரான்களை இழந்தோ கூடுதலாகப் பெற்றோ மின்னேற்றம் அடைந்த அணு. மின்னேற்றம் இருப்பதால் மின்புலத்தைக் கொண்டு அதை வேகப்படுத்த முடிகிறது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் உள்ள ஜி.எஸ்.ஐ. ஆய்வுக்கூடத்தின் நேர்கோட்டு முடுக்கி, செனான், தங்கம், யுரேனியம் போன்ற கனமான அணுக்களை ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு வரை கொண்டு செல்கிறது. அந்த வேகத்தில் வரும் ஓர் அயனி, 12 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள பி.இ.டி. ஏட்டை, அதாவது குளிர்பானப் போத்தல்கள் செய்யப்படும் அதே பொருளாலான ஏட்டை, ஒரு விநாடியின் டிரில்லியனில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். கடக்கும்போது வழியிலுள்ள எலக்ட்ரான்களை அவற்றின் இடத்திலிருந்து பிடுங்கி எறிவதால், சுமார் 10 நானோமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளைக்குள் மட்டும் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து கிடக்கின்றன. அந்தக் குறுகிய இடத்தில் ஒரு கணம் கடும் வெப்பம் எழுவது உண்மையே. அது உடனே சுற்றுப்புறத்தில் பரவித் தணிந்துவிடுவதால் ஏடு எரிவதில்லை.

அடுத்து ஏட்டைச் சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இடுகிறார்கள். சிதைந்த தடம், சிதையாத பகுதியைவிடப் பன்மடங்கு விரைவாகக் கரைகிறது. துளைகளின் எண்ணிக்கையை அயனிகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது, ஓர் அயனிக்கு ஒரு துளை. துளையின் அகலத்தைத் தீர்மானிப்பவை, ஏடு கரைசலில் கிடந்த நேரமும் கரைசலின் வெப்பமும் செறிவும். எண்ணிக்கையையும் அகலத்தையும் தனித்தனியாக மாற்ற முடிகிறது என்பதற்காகத்தான் இவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பது என் கருத்து. ஏடு முழுவதற்கும் ஒரே ஒரு துளை போதும் என்றாலும் செய்யலாம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லியன் வேண்டும் என்றாலும் செய்யலாம். ஆனால் அயனிகள் வரிசை பார்த்து விழுவதில்லை. துளைகள் நெருங்க நெருங்க, இரண்டு ஒன்றாகச் சேர்ந்து பெரிய துளையாகிவிடும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். வடிகட்டி செய்பவர்கள் எண்ணிக்கையை ஓர் அளவோடு நிறுத்திக்கொள்வதற்கு இதுவே காரணம்.

1960களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் ஃபிளெய்ஷர், பஃபோர்ட் பிரைஸ், ராபர்ட் வாக்கர் ஆகிய மூவரும், அணுப்பிளவில் சிதறும் துண்டுகள் திண்மப் பொருள்களில் விட்டுச் செல்லும் தடங்களை ஆராய்ந்தபோது இம்முறை உருவெடுத்தது. இரத்தத்தில் அலையும் புற்றுநோய்ச் செல்களை வடிகட்டிப் பிடிப்பது இதன் தொடக்கக்காலப் பயன்களுள் ஒன்று. இன்று, ஏட்டின் ஒரு பக்கத்தை மட்டும் கரைசலில் படவிட்டுக் கூம்பு வடிவத் துளையும் செய்கிறார்கள்; அதன் நுனி வழியே ஒரு மூலக்கூறு செல்லும்போது மின்னோட்டம் மாறுவதை அளந்து, சென்றது எது என்று கண்டறிய முயல்கிறார்கள்.

உங்கள் வேலையோடு தொடர்புடைய செய்தி ஒன்று: நீர் ஒட்டாத ஏட்டில் 100 நானோமீட்டர் துளை இருந்தாலும், அதன் வழியே நீரைத் தள்ளுவதற்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல் பல மடங்கு அழுத்தம் வேண்டும். தொங்கும் கையுறையில் உள்ள நீரின் எடை அதற்குப் போதாது. உங்கள் சோதனை தேடுவது அதைவிட மிகப் பெரிய ஓட்டைகளை.

கேள்வி: தோட்டத்து ரப்பர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கதிர்கள் சங்கிலியை அறுக்கும் என்றால், சிலாங்கூரின் பாங்கி நகரில் கதிர்வீச்சைக் கொண்டே ரப்பர் பாலை உறுதியாக்குகிறார்களே, அது எப்படி?

பதில்: அறுப்பதும் பிணைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன, ஐயா, எது மேலோங்கும் என்பது பெரும்பாலும் பாலிமரை, அதாவது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளாலான பொருளைப் பொறுத்தது. பி.எம்.எம்.ஏ. எனப்படும் அக்ரிலிக்கில் அறுபடுதல் மேலோங்கும். பாலிஸ்டைரீனிலும் நம் பால் மரத்து ரப்பரிலும் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பு மேலோங்கும். நீங்கள் ஆலையில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிச் செய்ததும் குறுக்குப் பிணைப்புதான். பாங்கியில் மலேசிய அணுசக்தி நிறுவனம் காமா கதிரைக் கொண்டு அதைக் கந்தகமின்றிச் செய்கிறது.

ஆனால் காமா கதிர் பாலை முழுவதுமாக ஊடுருவிச் செல்லும். மெதுவான அயனி மேல்தோலிலேயே நின்றுவிடும். 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காலியம் அயனி, பாலிமருக்குள் சில பத்து நானோமீட்டர் ஆழத்தைத்தான் எட்டும். ஆகவே மேற்பரப்பை மட்டும் இறுக்கி, அடியை முன்போலவே மென்மையாக விட்டுவைக்க முடிகிறது. சிலிக்கோன் ரப்பரில் இவ்வாறு செய்தால், இறுகிய தோல் தானாகவே மைக்ரோமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் வரிவரியாக மடிகிறது. படும் அயனிகளின் எண்ணிக்கை மிகுந்தால் ஹைட்ரஜன் வாயுவாக வெளியேறி, எஞ்சிய கார்பன் ஏட்டைக் கறுக்கச் செய்யும். மின்சாரம் கடத்தாத பொருள் ஓரளவு கடத்தத் தொடங்கும். அந்நிலையில் அதைப் பாலிமர் என்றே சொல்ல முடியாது.

அக்ரிலிக்கில் நடக்கும் அறுபடுதலும் வீணாவதில்லை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) கற்றையைக் குவித்து, பேனாவால் எழுதுவதைப் போல் அக்ரிலிக் படலத்தில் கோடிடுகிறார்கள். 2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் ஏறத்தாழ 60 மைக்ரோமீட்டர் ஆழம் வரை பெரிதும் விலகாமல் செல்வதால், அறுபட்ட பகுதியைக் கரைத்து நீக்கிய பிறகு செங்குத்தான சுவர்கள் நிற்கின்றன. கோட்டின் அகலத்தை 100 நானோமீட்டருக்கும் கீழே கொண்டுவந்திருக்கிறார்கள்.

கேள்வி: நான் ஆறாம் படிவ மாணவி. அயனி பட்ட ஏடு கதிரியக்கம் உடையதாகிவிடுமா?

பதில்: கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஆகாது, இரண்டு அணுக்கருக்களுக்கு இடையிலான மின் விலக்கு விசையை மீறி நெருங்குவதற்கு அந்த ஆற்றல் போதாது. பெரிய முடுக்கிகளில் வரும் கன அயனிகள் அவ்விசையை மீறக்கூடியவை என்றாலும், மெல்லிய ஏட்டில் கருவோடு மோதுபவை மிகச் சில. அங்கும் ஏட்டின் கதிரியக்கத்தை அளந்து பார்த்த பின்னரே வெளியே கொடுப்பார்கள்.