சொகோரோவில் போலீஸ்காரர் பார்த்தது என்ன? கேள்வி பதில்

கேள்வி: சார், பறக்கும் தட்டு பார்த்ததாகச் சொல்லப்படுவதில் நீங்கள் மதிக்கும் சம்பவம் ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, லானி ஸமோரா பார்த்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சொகோரோ என்று ஒரு சிற்றூர். 1964 ஏப்ரல் 24, மாலை ஆறு மணிக்குச் சற்று முன், வேகமாகப் போன காரைத் துரத்திக்கொண்டிருந்த போலீஸ்காரர் ஸமோராவுக்குப் பேரிரைச்சல் கேட்டது, தீப்பிழம்பும் தெரிந்தது. அந்தப் பக்கம் டைனமைட் கொட்டகை ஒன்று இருந்தது. அதுதான் வெடித்துவிட்டதோ என்று துரத்துவதை விட்டுவிட்டு மண்பாதையில் மேடேறினார். பள்ளத்தில் ஏதோ பளபளத்தது. கவிழ்ந்த கார் என்றே முதலில் நினைத்தார். பக்கத்தில் வெள்ளை உடுப்பில் இரண்டு பேர். கிட்டே போனதும் மறுபடி இரைச்சல், அடியில் நெருப்பு. பயந்து ஓடியதில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. அந்தப் பொருள் தாழப் பறந்து மறைந்தது.

கேள்வி: கண்ணாடி இல்லாமல் பார்த்ததை எப்படி நம்புவது?

பதில்: நல்ல கேள்வி. பள்ளத்தில் அதைப் பார்த்தபோது கண்ணாடி இருந்தது, பறந்து போனபோதுதான் இல்லை. அதனால் அந்தக் கடைசிப் பகுதியை நான் கொஞ்சம் நிதானமாகவே எடுத்துக்கொள்வேன். ஆனால் சற்று நேரத்தில் வந்து சேர்ந்த சார்ஜன்ட் சாம் சாவேஸும் கருகிய புதர்களையும், மண்ணில் பதிந்த நான்கு பள்ளங்களையும் பார்த்தார். எனக்கு அதுதான் முக்கியம்.

கேள்வி: அரசாங்கம் ஒழுங்காக விசாரித்ததா?

பதில்: அன்று மாலையே எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவரும், ராணுவ கேப்டன் ஒருவரும் அங்கே வந்துவிட்டார்கள். தடயம் கலையும் முன்பே அளவெடுத்தது பெரிய விஷயம். பிறகு பறக்கும் தட்டுப் புகார்களை விசாரித்த விமானப்படையின் புளூ புக் திட்டம் இதைக் கையில் எடுத்தது. அதன் ஆலோசகரான வானியலாளர் ஆலன் ஹைனெக் நேரில் போய் விசாரித்தார். திட்டத் தலைவர் ஹெக்டர் குயின்டனில்லா, நிலவில் இறங்கும் கலத்தை யாராவது சோதித்தார்களா, ஹெலிகாப்டரா என்று அலசினார். எதுவும் பொருந்தவில்லை. மண்ணிலும் புதரிலும் எரிபொருள் மிச்சம் கிடைக்கவில்லை; கதிர்வீச்சும் வழக்கமான அளவுதான்.

கேள்வி: காலேஜ் பசங்க விளையாட்டு என்கிறார்களே அண்ணா?

பதில்: ஊரிலேயே தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, அதனால் அந்தச் சந்தேகத்தை நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் இன்னார்தான் செய்தார்கள் என்று ஆதாரத்தோடு நிரூபித்தவர் இல்லை.

கேள்வி: அப்படியானால் வேற்றுக்கிரகவாசிகளா?

பதில்: இல்லை, அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. கோப்பில் எழுதியது 'அடையாளம் காணப்படாதது' என்று மட்டும்தான். 1969இல் திட்டம் மூடப்பட்டபோது மொத்தம் 12,618 புகார்களில் 701 அப்படி நின்றன. குயின்டனில்லா இப்படிப்பட்ட கதைகளை எளிதில் நம்புகிறவர் அல்ல. அவரே ஸமோரா எதையோ பார்த்தார் என்பதில் சந்தேகமில்லை என்று எழுதினார்.

கேள்வி: ஸமோரா அப்புறம் என்ன ஆனார்?

பதில்: விடாமல் கேள்வி கேட்டு வந்தவர்களால் சலித்துப்போனார். போலீஸ் வேலையை விட்டு, பெட்ரோல் பங்க் ஒன்றைப் பார்த்துக்கொண்டார். 2009இல் காலமானார். அன்று சொன்னதைக் கடைசிவரை மாற்றவில்லை.